ஆறு இலக்கத்தை நான் வாசித்துக் காட்டிய நாள்

பாகூர், வில்லியனூர் பக்கம் புதுசாகச் சேவை மையம் போட்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். சால்வை வாங்கி வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். சால்வையை அனுப்பிவிடுங்கள், ஏசி பஸ்ஸில் போகும்போது போர்த்திக்கொள்கிறேன். பேச்சுக்குப் பதிலாக இதை எழுதித் தருகிறேன். நேரில் வந்தால், நான் பேசும்போது எவனாவது போனை நோண்டுவான், நான் பெயர் சொல்லித் திட்டுவேன், அப்புறம் விழா நாறிப்போகும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பாகூர் கடைத்தெருவில் இருபது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். ஊருக்கு நான் கம்ப்யூட்டர் அக்கா. கண்ணில் புரை விழுந்து, ஆதார் நம்பரில் மூன்றும் எட்டும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்ததும் ஷட்டரை இழுத்துவிட்டேன். வருமானச் சான்றுக்கு எப்படி எழுதுவது, கொம்யூன் பஞ்சாயத்துக்கு எந்தப் படிவம் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாமலா கடை போட்டீர்கள்?

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். 'உங்கள் பாஸ்வேர்டை மாற்ற இங்கே அழுத்துங்கள்' என்று மெயில் வருகிறதே, அது. அந்த மெயிலை வைத்து நான் இரண்டு தடவை கெட்டுப்போனேன். முதல் தடவை அதை நம்பினேன். இரண்டாம் தடவை நம்பவில்லை.

முதல் கதை சின்னது, மானக்கேடானது. கடைக்கென்று சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். 'ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வாருங்கள்' என்று போடுவேன், என் சொந்தக்காரர்கள் நாலு பேர் லைக் போடுவார்கள். ஒருநாள் காலை மெயில் வந்தது. உங்கள் பக்கத்தின் பாஸ்வேர்டை யாரோ மாற்றப் பார்க்கிறார்கள், அது நீங்கள் இல்லையென்றால் உடனே இங்கே அழுத்துங்கள், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் பக்கம் போய்விடும் என்று இருந்தது. கம்பெனி லோகோ இருந்தது. என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. கவுன்டரில் மூன்று பேர் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பயத்தில் அழுத்தினேன். நான்தான் என்று உறுதிசெய்ய பழைய பாஸ்வேர்ட் கேட்டான். மரியாதையாக அடித்துக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் என் பக்கம் கூலிங் கிளாஸ் விற்க ஆரம்பித்துவிட்டது. சட்டையே போடாத ஒரு வெள்ளைக்காரன் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறான். மேலே என் கடைப் பெயர், பக்கத்தில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. "அக்கா, எனக்கு கறுப்புல ஒண்ணு எடுத்து வையேன்" என்று ஊரே கேட்டது. அப்புறம்தான் அந்த மெயிலை நிதானமாகப் பார்த்தேன். அனுப்பியவன் முகவரி இருக்கிறதே, அது ஒரு முழ நீளத்துக்கு ஏதோ உளறல். நான் லோகோவைப் பார்த்தேன், முகவரியைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் என் நிபுணத்துவம்.

அதற்கப்புறம் எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'மெயிலில் வரும் எந்த லிங்க்கையும் தொடாதே' என்று எழுதி, கீழே மண்டையோடு வரைந்து மாட்டினேன். மண்டையோடு தேங்காய் மாதிரி வந்துவிட்டது. பரவாயில்லை, வந்தவர்களிடமெல்லாம் அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். என்னைவிட உஷாரான ஆள் இந்தக் கொம்யூனிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி பெரிய கதை. அதற்கு முன்னால் நம் தொழிலில் இருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், மறைக்க வேண்டாம். படிவத்தில் மெயில் முகவரி கேட்கும். வந்தவருக்கு மெயில் இருக்காது. நாமே ஒன்று திறந்து கொடுப்போம். பெயர், ஊர், பிறந்த வருஷம், பாஸ்வேர்ட் என்னவென்றால் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. அவர் அதை ஜென்மத்துக்கும் திறந்து பார்க்கமாட்டார் என்பதால், அதற்கு வரும் மெயிலெல்லாம் கடை மெயிலுக்கே வந்து விழும்படி திருப்பிவிடுவோம். பிள்ளைக்குக் காலேஜ் சீட் கிடைத்த மெயில் யாரும் பார்க்காமல் கிடந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதே மெயிலை வைத்துத்தான் அவர்கள் ரீல்ஸ் ஆப்பிலும் கணக்குத் திறப்பார்கள். ஆக, இந்த வட்டாரத்தில் யார் பாஸ்வேர்டை மறந்தாலும் ஓடிபி நம்பர் என் திரையில் வந்து விழும். பொண்டாட்டி கணக்குக்குப் புருஷன் வந்து கேட்பான், மாமியார் கணக்குக்கு மருமகன் வந்து கேட்பான். வீட்டு ஆள்தானே என்று வாசித்துக் காட்டுவேன். ஒருத்தரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கரிக்கலாம்பாக்கத்தில் பவானி என்று ஒரு பெண். அப்போது இருபத்தாறு வயசு. அப்பாவுக்கு முதுகுத்தண்டு போனதும் வீட்டு டிராக்டரில் இவள் ஏறிவிட்டாள். முதலில் சொந்த நிலம், அப்புறம் அக்கம்பக்கத்து நிலம். தலையில் துண்டு, அப்பாவின் பழைய சட்டை, சேற்றில் உழுதபடியே பேசிப் பேசி வீடியோ போடுவாள். பக்கம் திறந்து கொடுத்தது நான். மெயில் திறந்து கொடுத்ததும் நான். கடலோரத்துப் பனித்திட்டு ஊரில் வலை இழுக்கிறவர்கள்கூட அவள் வீடியோவைப் பார்த்துவிட்டு 'கடலை ஒரு ஓட்டு ஓட்டித் தா தங்கச்சி' என்று எழுதுவார்கள். ஏர் ஓட்டக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கத்திலேயே செய்தி அனுப்பித் தேதி கேட்பார்கள்.

அவள் ஒருதரம் என்னிடம் சொன்னாள்: "முன்னாடி போன் பண்றவங்க வூட்ல ஆம்பள இல்லியான்னு கேப்பாங்கக்கா. இப்ப வீடியோவப் பாத்துட்டு, நீ எப்ப வர்றன்னு கேக்கறாங்க." அந்தப் பக்கம் அவளுக்கு எதற்கு என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அவளுக்கு ஒரு அண்ணன், சேகர். ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கெட்டவன் இல்லை. பீடி, சிகரெட், பிராந்தி ஒன்றும் கிடையாது. தங்கைக்கு ஒரு வரன் பார்த்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் படுவதற்குள் அந்தப் பக்கத்தை மூடு என்று இவன் சொல்ல, முடியாது என்று அவள் சொல்ல, வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மெயில் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை பவானி பெயருக்கு மூன்று மெயில் வந்தது. 'பாஸ்வேர்டை மாற்றக் கேட்டிருக்கிறீர்கள், இதோ நம்பர்.' செவ்வாய்க்கிழமை நாலு. போர்டு மாட்டிய மகராசி என்ன செய்தேன் தெரியுமா? "திருட்டுப் பசங்களா, என்கிட்டயேவா" என்று ஏழு மெயிலையும் அழித்தேன். அழிப்பதற்கு முன் அனுப்பிய முகவரியை ஒரு நொடி பார்த்திருந்தால் ஏழும் அசல் என்று தெரிந்திருக்கும். அசல் மெயில், கேட்காமல் வராது. யாரோ பவானியின் பெயரைப் போட்டு 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்' என்று அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். லிங்க்கைத் தொடாதது சரி. ஆனால் அவளுக்கு ஒரு போன் போட்டு "நீ கேட்டியாடி?" என்று கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. தொடாமல் இருப்பதே வேலை முடிந்த மாதிரி என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை சேகர் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.

"அக்கா, பவானி பக்கம் லாக் ஆயிடுச்சாம். ஓடிபி வந்திருக்கும் பாரு."

"அவ எங்க?"

"நடவுக்கு சேடை ஓட்டினு இருக்காக்கா. கையெல்லாம் சேறு. அதான் என்னை அனுப்பிச்சா."

ஏமாற்றுக்காரன் என்றால் எங்கேயோ சீமையில், இருட்டு அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விபூதி வைத்துக்கொண்டு எனக்கே டீ வாங்கித் தருவான் என்று யார் கண்டது? மெயிலைத் திறந்தேன். ஆறு இலக்கம். சத்தமாக வாசித்தேன். அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாம் தடவையும் வாசித்தேன். "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். டீ நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பவானி பெயருக்கு இன்னொரு மெயில் வந்தது. 'உங்கள் கணக்கின் மெயில் முகவரி மாற்றப்பட்டுள்ளது. மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தி மீட்டுக்கொள்ளலாம்.' லிங்க் இருந்ததால் தொடவில்லை. அழிக்கவும் நேரமில்லை, கவுன்டரில் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கடைத்தெருவே அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால், பின்னால் சேறு ஒழுகும் ரொட்டவேட்டர் கலப்பையோடு டிராக்டர் என் கடை வாசலில் நிற்கிறது. பவானி குதித்து உள்ளே வருகிறாள். முட்டி வரை சேறு, கையில் அவள் அப்பாவின் போன். டிராக்டருக்குப் பின்னால் டவுன் பஸ் வந்து மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"அக்கா, எம் பக்கம் போச்சுக்கா! என் போன்ல தொறக்க மாட்டேங்குது. எவனோ உள்ள பூந்துகினு ஒண்ணொண்ணா அழிக்கறான். இத பாரு!"

அப்பாவின் போனில் வெளியாள் பார்ப்பது போல அவள் பக்கம் திறந்திருந்தது. வீடியோக்களின் எண்ணிக்கை நூற்று நாற்பத்தாறு. நான் பார்க்கும்போதே நாற்பத்தைந்து ஆயிற்று. மொத்தமாக அழிக்கத் தெரியாமல் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான் மடையன்.

எனக்கு எல்லாம் அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஹேக்கர்டி. வெளிநாட்டுக்காரனுங்க வேலை." அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம் தொழிலில் இதைவிட வசதியான பொய் கிடையாது. ஹேக்கர் என்றால் ஊரே நம்பும், யாரும் நம்மை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

கடை மெயிலைத் திறந்தேன். காலையில் வந்தது அப்படியே கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே 'உங்கள் வீடியோ மீது காப்புரிமைப் புகார், உடனே அழுத்துங்கள்' என்று வழக்கமான போலி ஒன்றும் கிடந்தது. இரண்டிலும் அதே லோகோ, அதே நீலப் பொத்தான்.

"இத அமுக்கினா பக்கம் திரும்பி வந்துடும்" என்று அசலைக் காட்டினேன்.

பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதன்னு நீதானக்கா எழுதி மாட்டிகிற? இருக்கறதும் பூடப் போவுது."

"இது அசல்டி. அனுப்புன முகவரியைப் பாரு."

"முகவரி கூட போலியா போடுவானுங்கன்னு நீயேதான் சொன்ன. அன்னிக்கும் அசல்னுதான அமுக்கி கூலிங் கிளாஸ் வித்த?"

அவள் கேட்டது நியாயம். நான் கற்றுக்கொடுத்ததை அவள் எனக்கே திருப்பிச் சொல்கிறாள். எண்ணிக்கை நூற்று முப்பத்தெட்டு. வெளியே கண்டக்டர் "யாரு வண்டிபா இது, வூட்டுக்கு போவ வாணாமா" என்று கத்துகிறார். அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நான் புதுச்சேரிக்கே போயி போலீஸ்ல சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள். டிராக்டரில் அவள் அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் ஒரு வீடியோவும் மிஞ்சாது.

அந்த மெயில் அசல் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி நானேதான்.

"உக்காரு பவானி. ஹேக்கர் எவனும் இல்ல. ஒங்க அண்ணன். காலையில வந்து நீ அனுப்பிச்சன்னு ஓடிபி கேட்டான். நான்தான் வாசிச்சிக் காட்டினேன். அவன் போன பத்தாவது நிமிஷம் இந்த மெயில் வந்திருக்கு, நேரத்தைப் பாரு. மாத்தின புது முகவரியில மொத எழுத்தும் கடைசி எழுத்தும் தெரியுது பாரு. அது சேகர் மெயில். அவனுக்கும் நான்தான் தொறந்து குடுத்தேன். அதான் அசல்னு சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீயா படிச்சிக் காட்டின?"

"ஆமா."

பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. அவள் உட்கார்ந்தாள். "அமுக்குங்க" என்றாள்.

பத்து வருஷமாக என்னை வா, போ, நீ என்றுதான் பேசியவள். அன்றைக்கு வந்த அந்த 'ங்க' இன்றுவரை போகவில்லை. ஊரில் எத்தனையோ பேர் எனக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள், இந்த மரியாதைதான் வலித்தது.

அழுத்தினேன். கணக்கு திரும்பி வந்தது. எண்ணிக்கை நூற்று முப்பத்தொன்றில் நின்றது. அழித்த வீடியோ ஒரு மாதம் வரை உள்ளேயே ஒரு மூலையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும், அதையும் காட்டினேன். எல்லாவற்றையும் மீட்டாள். அடுத்து புதுப் பாஸ்வேர்ட் கேட்டது. நான் பழக்கதோஷத்தில் கீபோர்டில் கை வைத்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

திரும்பினேன். என் கடையில், என் நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் ரீல்ஸ் பாஸ்வேர்டை மாற்றினாள். மெயில் பாஸ்வேர்டை மாற்றினாள். கடை மெயிலுக்கு வந்து விழும் வழியை எப்படி அடைப்பது என்று கேட்டாள். "மேல வலது பக்கம் சக்கரம் மாதிரி இருக்கும், அதைத் தொறம்மா" என்று சுவரிடம் சொன்னேன். தன் போன் நம்பரை மட்டும் போட்டு, இரண்டு பூட்டு வைத்த மாதிரி செய்துகொண்டு எழுந்தாள். வாசலில் போய் கண்டக்டரைப் பதிலுக்கு நாலு திட்டு திட்டிவிட்டு டிராக்டரைப் பின்னால் எடுத்தாள். எனக்கு விழ வேண்டியதும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களா, என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அது அவள் வீட்டு விஷயம். முன்பெல்லாம் எனக்கு எப்படியாவது தெரிந்துவிடும், இது தெரியவில்லை.

என் கடையில் தினமும் பதினோரு மணிக்கு நிழலுக்கு ஒதுங்கும் தபால்காரர் ஒருவர் இருந்தார். நடந்ததை அவரிடம் புலம்பினேன். அவர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, "பதிவுத் தபாலை நான் பேரு போட்டவங்க கையிலதான் குடுப்பேன். புருஷனே வந்து கேட்டாலும் பொண்டாட்டி எழுதிக் குடுத்திருக்காளான்னு கேப்பேன். உனக்கு இன்னா தலையெழுத்து, ஊரு தபாலையெல்லாம் பிரிச்சி மடியில வச்சினு உக்காந்துகிற?" என்றார். நம் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி வகுப்பு அதுதான். அவர் தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அவரவர் மெயிலை அவரவர் போனிலேயே திறந்து கொடுத்தேன். எட்டு மாதம் பிடித்தது. நன்றி சொன்னவர்கள் கம்மி. "இதையும் நாங்களே பாத்துக்கணும்னா நீ எதுக்குக்கா?" என்றுதான் கேட்டார்கள். நீங்களும் இந்தத் திட்டை வாங்கத்தான் வேண்டும், தப்பிக்க முடியாது. கேட்காமல் ரீசெட் மெயில் வந்தால் லிங்க்கைத் தொடாதீர்கள், ஆனால் தொடவில்லை என்று மார் தட்டிக்கொண்டு சும்மாவும் இருக்காதீர்கள். ஆப்பை நேராகத் திறந்து பாருங்கள், கணக்குக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஓடிபியை யாருக்கும் வாசிக்காதீர்கள், அண்ணனோ புருஷனோ விபூதியோ. அப்படியும் தப்பு செய்தால் ஹேக்கர் தலையில் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் பொய்யே அவர்கள் கணக்கை மீட்க விடாமல் தடுக்கும், நான் பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சேகர் மறுபடி கடைக்கு வந்தான். வெட்கமே இல்லாமல் அதே இடத்தில் நின்றான். டீ மட்டும் சொல்லவில்லை.

"அக்கா, பவானிக்கு ஓடிபி வந்திருக்கும் பாரு."

"எனக்கு வராது. அவ போனுக்கே போவுது."

"அப்ப எனக்கு வேணும்னா?"

"அவளையே கேளு."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். சண்டைக்கு வருவான் என்று நானும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தயாராக இருந்தேன். அவன் குரலை இறக்கி, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"ஒரே வூட்ல இருக்கோம். ஆனா எனக்கும் அவளுக்கும் அந்த மாதிரி கேட்டுப் பழக்கமே இல்லக்கா. எப்புடிக் கேக்கறது?"

"வாயால" என்றேன்.